துருக்கியர் திறந்த வழிகள்



முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் சரித்திரம் கற்பித்தவன் நான். அக்காலத்தில் ஒரு வாக்கியத்தை எத்தனை முறை சொல்லி எழுதவைத்திருப்பேன் என்று எண்ணிப் பார்த்தால் இன்று நாணமாக இருக்கிறது. “1453 ஆம் ஆண்டில் துருக்கியர் கான்ஸ்டாண்டினோபிளைக் கைப்பற்றி வாணிக வழிகளை அடைத்துவிட்டனர்; ஆகவே ஐரோப்பியர் கீழ்நாடுகளுக்குக் கடல்வழி காணப் புறப்பட்டனர்” என்பதே அவ்வாக்கியம். தேர்வில் அதை எழுதியோர் அனைவருக்கும் முழு மதிப்பெண் வழங்கினேன்.

ஒரு நாள் பின்வரிசையிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். அவன் தந்தை வாரச் சந்தையில் தவசக் கடை வைத்திருந்தவர். இலாப நட்டக் கணக்கு அவனுக்கு வீட்டிலேயே கிடைத்த கல்வி. “ஐயா, வழியை அடைத்துவிட்டால் சுங்கம் வராதே, துருக்கி அரசருக்கு அதனால் என்ன ஆதாயம்?” என்று கேட்டான். நானோ, மணி அடிக்கும் நேரம் நெருங்கிவிட்டதென்று, “புத்தகத்தில் உள்ளதை எழுது” என்று சொல்லி அவனை உட்காரவைத்தேன். மாணவன் கேட்கும் கேள்வியே பாடத்திற்கு வாயில் என்று ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எழுதித் தேர்ச்சி பெற்றவன் செய்த காரியம் அது! பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னரே அக்கேள்விக்கு விடை தேடும் பொழுது எனக்கு வாய்த்தது. அவ்விடையைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

விடையின் வேர் 1453 இல் இல்லை. அதற்கு இரண்டரை நூற்றாண்டு முற்பட்ட வேறொரு துருக்கிய அரசில் இருக்கிறது. 1071 ஆம் ஆண்டு மான்சிகர்ட் போர்க்களத்தில் செல்ஜுக்கியத் துருக்கியர் பைசாந்தியப் பேரரசரைத் தோற்கடித்தனர். அதன்பின் அனத்தோலியாவில், அதாவது இன்றைய துருக்கி நாட்டின் பெரும்பகுதியில், செல்ஜுக்கிய மரபின் கிளை ஒன்று வேரூன்றியது. முன்பு உரோமப் பேரரசுக்கு உரியதாயிருந்த நிலம் என்பதால் அதனை ‘ரூம்’ என்றும், அதை ஆண்டோரை ரூம் சுல்தான்கள் என்றும் வழங்கினர். அவர்களுடைய தலைநகர் கொன்யா.

வரைபடம் ஒன்றை மனக்கண் முன் விரித்துக்கொள்ளுங்கள். வடக்கே கருங்கடல், தெற்கே மத்தியதரைக் கடல், இரண்டிற்கும் நடுவே உயர்ந்த மேட்டுநிலம். வடகடலுக்கு அப்பால் தோலும் மென்மயிரும் மிகுந்த புல்வெளி நாடுகள். தென்கடலுக்கு அப்பால் சர்க்கரையும் நறுமணப் பொருளும் துணிவகையும் விற்கும் எகிப்து. கிழக்கே பாரசீகம், மேற்கே இத்தாலிய வணிக நகரங்கள். நாற்றிசைப் பொருள்களும் கடக்கத்தக்க நடுமுற்றத்தில் செல்ஜுக்கியர் இருந்தனர். ஆயினும் பன்னிரண்டாம் நூற்றாண்டு முழுவதும் அவர்களுக்கு நிலையான துறைமுகம் ஒன்று வாய்க்கவில்லை. முற்றம் இருந்தது, வாயில்கள் பிறர் கையில் இருந்தன.

1204 இல் நான்காம் சிலுவைப் போர் வீரர்கள் கான்ஸ்டாண்டினோபிளைச் சூறையாடிப் பைசாந்தியப் பேரரசைத் துண்டாடினர். அக்குழப்பத்தில், தென்கரையிலுள்ள அந்தால்யா துறைமுகம் இத்தாலியத் தலைவன் ஒருவன் வசம் சென்றது. அப்போது நிகழ்ந்ததை இப்னு பீபீ என்னும் வரலாற்றாசிரியர் கூறுகிறார். எகிப்திலிருந்து வந்த வணிகர் சிலர் கொன்யாவுக்குச் சென்று, தங்கள் சரக்கெல்லாம் அந்தால்யாவில் பறிக்கப்பட்டதென்று சுல்தான் கையாசுத்தீன் கைகுஸ்ருவிடம் முறையிட்டனராம். சுல்தான் படை நடத்தி 1207 இல் அந்நகரைக் கைப்பற்றினார். பறிபோன பொருளைத் தேடி உரியவரிடம் சேர்ப்பித்து, கிடைக்காதவற்றுக்கு ஈட்டுத்தொகை கொடுக்கவும் ஆணையிட்டார். இப்னு பீபீ அரசவையைச் சார்ந்தவர். தம் அரசரை உயர்த்திச் சொல்லும் இயல்புடையவர். அதனை நாம் மறக்கலாகாது. ஆயினும் ஓர் அரசரைப் புகழ விரும்பிய ஆசிரியர், வணிகனுடைய நட்டத்தை அரசர் ஈடுசெய்தார் என்பதைப் புகழுக்குரிய செயலாகத் தேர்ந்தெடுத்தாரே, அதுவே அக்காலத்தின் மனப்போக்கை நமக்குக் காட்டும் சான்றாகும்.

அவருக்குப்பின் வந்த இஸ்ஸுத்தீன் கைகாவூஸ் 1214 இல் கருங்கடற்கரையின் சினோப் துறைமுகத்தை வென்றார். வென்றதோடு அவர் நிற்கவில்லை. நாட்டின் பிற நகரங்களிலிருந்து செல்வமுள்ள வணிகரைச் சினோப்பில் குடியேற்றவும், அவர்கள் விட்டுவரும் வீடு நிலங்களைக் கருவூலப் பணத்தால் வாங்கிக்கொள்ளவும் ஆணை பிறப்பித்தார். கோட்டை மதில் மட்டும் துறைமுகம் ஆகாது; கடையும் கணக்கரும் சரக்கும் அங்கு வேண்டும் என்பதை அறிந்த செயல் இது. தெற்கே அந்தால்யா மக்கள் கிளர்ந்தெழுந்து ஆட்சியை உதறியபோது 1216 இல் அதனை மீண்டும் பிடித்தார். அம்மீட்பில் குருதி மிகச் சிந்தியது. வாணிகத்தைப் போற்றிய அரசர்கள் வாளை உறையிலேயே வைத்திருந்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அவர்கள் வாளெடுத்ததற்குரிய காரணங்களுள் வாணிக வழியைத் திறப்பதும் ஒன்று என்பதே நான் சொல்ல வருவது.

வாயில்கள் இரண்டும் கிடைத்துவிட்டன. அவற்றின் வழியே பிறர் வரவேண்டுமே? இங்குதான் செல்ஜுக்கியரின் கொள்கை தெளிவாகத் தெரிகிறது. 1214 முதல் 1216 வரை சைப்ரஸ் தீவின் இலத்தீன் அரசரோடு கைகாவூஸ் உடன்படிக்கைகள் செய்துகொண்டார். இரு நாட்டு வணிகரும் அச்சமின்றிப் போக்குவரத்துச் செய்யலாம். கரைதட்டி உடைந்த கலத்தின் பொருளைக் கரையிலுள்ளோர் பறித்துக்கொள்ளலாகாது. அயல்நாட்டில் இறந்த வணிகனின் உடைமை அவனைச் சேர்ந்தோருக்கே திரும்பவேண்டும் என்றெல்லாம் அவற்றில் கண்டது. உடைந்த கலத்தின் சரக்கு கரைக்குரியவனுக்கே சேரும் என்பது அக்காலக் கடற்கரைகள் பலவற்றில் நிலவிய வழக்கம். ஒருவன் துன்பம் மற்றொருவனுக்கு வரவாகும் அவ்வழக்கத்தை, சமயத்தால் மாறுபட்ட இரண்டு அரசர்கள் கையெழுத்திட்டு விலக்கினர். சிலுவைப் போர்கள் ஓயாத காலம் அது என்பதை நினைவிற்கொள்ளுங்கள்.

1220 இல் அரியணை ஏறியவர் அலாவுத்தீன் கைகுபாத். செல்ஜுக்கிய அரசின் பொற்காலம் அவர் காலமே. அவ்வாண்டிலேயே அவர் வெனிஸ் நகரத்தாருக்கு வழங்கிய சலுகை உடன்படிக்கையின் வாசகம் நமக்குக் கிடைத்துள்ளது. வெனிஸ் வணிகர் கொண்டுவரும் சரக்குக்கு நூற்றுக்கு இரண்டு வீதமே தீர்வை என்று அது வரையறுத்தது. தானியம், பொன், வெள்ளி, முத்து, மணிகள் ஆகியவற்றுக்குத் தீர்வையே இல்லை. வணிகர் தமக்குள் வழக்கிட்டால் அவர்களுடைய நடுவரே தீர்ப்பளிக்கலாம். களவும் கொலையும் மட்டும் சுல்தானின் நீதிமன்றத்துக்கு வரவேண்டும்.

நூற்றுக்கு இரண்டு என்பது சிறிய தொகையா, பெரிய தொகையா? அண்டையிலிருந்த பைசாந்தியப் பேரரசில் சலுகை பெறாத வணிகர் கட்டிய வழக்கமான தீர்வை பத்தில் ஒரு பங்கு. நூறு பொற்காசு மதிப்புள்ள சரக்குக்கு ஓரிடத்தில் பத்துக் காசு. மற்றோரிடத்தில் இரண்டு காசு. எந்தத் துறையை நோக்கி வணிகன் பாய் விரிப்பான் என்பதைக் கணக்கு வாத்தியார் வந்து சொல்லவேண்டியதில்லை. தீர்வை விலக்கப்பட்ட பொருள்களின் பட்டியலையும் கூர்ந்து நோக்குங்கள். தானியம் வந்தால் மக்கள் பசி தீரும். வெள்ளி வந்தால் நாணயச் சாலை ஓயாது. நாட்டுக்கு எது உள்ளே வரவேண்டுமோ, அதற்குக் கதவை அகலத் திறந்துவைத்தனர் என்றே கொள்ளத் தோன்றுகிறது. அக்காலத்துச் செல்ஜுக்கிய வெள்ளி நாணயங்கள் நல்ல தரமுடையவை. கைகுபாத்தின் மேலாண்மையை ஏற்ற சிலிசியா நாட்டு ஆர்மேனிய அரசர், ஒரு பக்கம் தம் எழுத்திலும் மறுபக்கம் அரபு எழுத்தில் சுல்தானின் பெயரையும் பொறித்துக் காசு வெளியிட்டார். எல்லையின் இருபுறமும் செல்லத்தக்க காசு வணிகனுக்கு எத்துணை வசதி!

கைகுபாத் அரியணை ஏறியதையடுத்துத் தென்கரையில் மற்றொரு துறைமுகத்தையும் பெற்று, தம் பெயரால் அதனை அலாயியா என அழைத்தார். இன்று அதன் பெயர் அலான்யா. 1226 இல் அங்கே எழுப்பிய எண்கோண வடிவச் செங்கோபுரம் ஏறக்குறைய 33 மீட்டர் உயரத்தில் இன்றும் துறையைக் காத்து நிற்கிறது. அதனருகே 1228 இல், ஐந்து வளைவறைகளைக் கொண்ட கப்பல் கட்டும் துறையும் அமைந்தது. மேட்டுநிலத்து அரசர் கல்வெட்டுகளில், ‘நிலத்துக்கும் இரு கடல்களுக்கும் சுல்தான்’ என்று பட்டம் பூண்டனர்.

கைகுபாத்தைப் பற்றியும் இப்னு பீபீ ஒரு நிகழ்ச்சி சொல்கிறார். கைசேரி நகரில் சுல்தான் இருந்தபோது வணிகர் சிலர் அடுத்தடுத்து வந்து முறையிட்டனர். ஒருவன் கருங்கடலுக்கு அப்பாலும், ஒருவன் ஆர்மேனியர் நாட்டிலும், வேறொருவன் தென்கடலிலும் பொருளை இழந்தவன். சுல்தான் அவர்களுக்குக் கருவூலத்திலிருந்து ஈடு கொடுத்தார். பின்னர் அவ்விடங்களுக்குப் படைகளையும் அனுப்பினார். அவற்றுள் ஒன்று கருங்கடலைக் கடந்து கிரைமியாவின் சூதாக் துறைமுகம் வரை சென்றது. வழியில் பொருளை இழந்தவனுக்கு அரசு ஈடு செய்யும் இவ்வழக்கத்தை, இக்காலக் காப்பீட்டு முறையின் முன்னோடி என்று ஆராய்ச்சியாளர் சிலர் கூறுவர்.

கடல் வாயிலில் இறங்கிய சரக்கு உள்நாடு முழுவதும் செல்லவேண்டும். மேட்டுநிலத்தின் குளிரும் கள்வர் பயமும் வணிகச் சாத்துகளுக்குப் பெரும் இடர். அதற்காகவே சுல்தான்களும் அமைச்சர்களும் பெருவழிகளில் சாவடிகள் கட்டினர். ‘ஹான்’ என்பது அவற்றின் பெயர். பெரும்பாலும் ஒட்டகம் ஒரு நாளில் நடக்கும் தொலைவுக்கு ஒன்றாக அவை அமைந்தன. ஏறக்குறைய நூறு சாவடிகளின் எச்சங்கள் இன்றும் காணப்படுகின்றன. 1229 இல் அக்சராய்க்கு அருகே கைகுபாத் கட்டிய சுல்தான் ஹானைச் சாவடி என்பதை விடக் கோட்டை என்றே சொல்லலாம். உயர்ந்த மதில், சிற்ப வேலைப்பாடு மிக்க ஒரே வாயில், நடுவே திறந்த முற்றம், முற்றத்தின் மையத்தில் நான்கு வளைவுகளின் மேல் தாங்கி நிற்கும் சிறு தொழுகையிடம், பின்புறத்தில் பனிக்காலத்தில் ஒதுங்குவதற்குரிய பெரிய மண்டபம். மாலையில் வாயிற்கதவு சாத்தப்பட்டால் உள்ளே இருப்பவன் உறங்கலாம். அவன் மூட்டையும் உறங்கலாம்.

இச்சாவடிகளுள் ஒன்றைப்பற்றி எழுதப்பட்ட அறக்கட்டளை ஆவணம் எஞ்சியிருக்கிறது. கைசேரிக்குக் கிழக்கே உள்ள காரதாய் ஹானின் ஆவணம் அது. 1247 ஆம் ஆண்டுக்குரியது. சலாலுத்தீன் காரதாய் என்பவர் அடிமையாக வாழ்வு தொடங்கி அரசின் உயர்ந்த அமைச்சராக விளங்கியவர். சாவடிக்கு வரும் வழிப்போக்கர் முஸ்லிமாயினும் வேற்றுச் சமயத்தாராயினும், ஆணாயினும் பெண்ணாயினும், சுதந்திரராயினும் அடிமையாயினும் அனைவருக்கும் ரொட்டி, இறைச்சி, சமைத்த உணவு ஆகியவை ஒரே அளவில் வழங்கப்படவேண்டும் என்று அவ்வாவணம் விதிக்கிறது. வெள்ளிக்கிழமை இரவில் தேன் கலந்த இனிப்பும் உண்டு. ஏழை வழிப்போக்கனின் செருப்புக்கும் அதில் இடம் இருக்கிறது. தாமே அடிமையாயிருந்த ஒருவர் ‘அடிமையாயினும்’ என்ற சொல்லை எழுதவைத்தபோது என்ன நினைத்திருப்பார் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

அதே நேரத்தில், அப்பெருவழிகளில் சென்ற சரக்குகளுள் மனிதரும் இருந்தனர் என்பதை மறைப்பது ஆசிரியனுக்கு அழகன்று. கருங்கடலுக்கு வடக்கே பிடிக்கப்பட்ட இளைஞர்கள் அனத்தோலியா வழியாகத் தெற்கே எகிப்துக்கு விற்கப்பட்டனர். அங்கே படைவீரராக வளர்க்கப்பட்ட அத்தகையோரே பின்னர் மம்லூக்குகள் என்னும் பெயரில் எகிப்தை ஆண்டனர். சாவடியில் அடிமைக்கு ஒரே அளவு உணவு கிடைத்தது. மறுநாள் காலையில் அவன் மீண்டும் சரக்காகவே புறப்பட்டான். ஒரு காலத்தின் அறத்தையும் குறையையும் சேர்த்தே படிக்கவேண்டும்.

இவ்வளவு செழிப்பும் நீடித்ததா? 1237 இல் கைகுபாத் மறைந்தார். 1243 ஆம் ஆண்டு ஜூன் மாதம் கோசேதாக் என்னுமிடத்தில் மங்கோலியப் படை செல்ஜுக்கியரை முறியடித்தது. அதுமுதல் சுல்தான்கள் ஆண்டுதோறும் மங்கோலியருக்குத் திறை செலுத்தலாயினர். அரசு வலிமை குன்றினால் வாணிகம் என்னவாகும்? உடனே நின்றுவிடும் என்று நினைப்போம். நிகழ்ந்தது வேறு.

மங்கோலியப் பேரரசுக்குச் சென்று திரும்பிய ருப்ருக்கின் வில்லியம் என்னும் கிறித்தவத் துறவி 1255 இல் கொன்யா வழியாக வந்தார். சாயத்தைத் துணியில் பற்றச்செய்யப் படிகாரம் இன்றியமையாதது. ஐரோப்பிய நெசவுத்தொழிலுக்கு வேண்டிய படிகாரம் அனத்தோலியாவில் மிகுதியாகக் கிடைத்தது. ஜெனோவாவைச் சேர்ந்த ஒரு வணிகரும் வெனிஸைச் சேர்ந்த அவருடைய கூட்டாளியும் அதனை முழுவதும் தம் கைக்குள் அடக்கிக்கொண்டதாக வில்லியம் எழுதியிருக்கிறார். சுல்தான் இவ்விருவருக்கன்றி வேறெவருக்கும் படிகாரம் விற்க இயலாது. அதனால் 15 பொற்காசுக்கு விற்ற படிகாரம் 50 பொற்காசுக்கு ஏறிவிட்டதாம். மூன்று மடங்குக்கும் மேல்! மலை சுல்தானுடையது, படிகாரம் சுல்தானுடையது, விலை மட்டும் பிறருடையது.

மாணவர்களே, இதனை ஊன்றிக் கவனியுங்கள். கைகுபாத் காலத்திலும் இத்தாலியர் வந்தனர். அவருக்குப் பின்னும் வந்தனர். முன்னர் அவர்களுக்கு நிபந்தனை சொல்லும் நிலையில் அரசு இருந்தது. பின்னர் அவர்கள் நிபந்தனையை அரசு ஏற்கும் நிலை உண்டாயிற்று. கதவு திறந்திருப்பது ஒன்று. கதவின் தாழ் யார் கையில் இருக்கிறது என்பது மற்றொன்று. சுங்கத்தைக் குறைப்பதில் கைகுபாத்துக்கு இழப்பு இல்லை; வழியைக் காக்கும் வலிமையும், வழக்கைத் தீர்க்கும் நேர்மையும், நல்ல நாணயமும் அவரிடம் இருந்தன. அவை குறைந்தபின் சாலை இருந்தது, சாவடி இருந்தது, சரக்கும் போயிற்று. ஆதாயத்தின் பெரும்பங்கு மட்டும் வேறு பக்கம் திரும்பிவிட்டது.

செல்ஜுக்கிய மரபு பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அணைந்தது. 1330 ஆம் ஆண்டையொட்டி இப்னு பதூதா என்னும் மொராக்கோ நாட்டு யாத்திரிகர் அலான்யாத் துறையில் வந்திறங்கினார். பின்னாளில் நம் மதுரைக்கும் வந்தவர் அவரே. அலான்யாவிலிருந்து மரம் அலெக்சாந்திரியாவுக்கும் டமியெட்டாவுக்கும் ஏற்றுமதியாவதைக் குறித்திருக்கிறார். கைகுபாத் கட்டிய துறையில் வாணிகம் நூறு ஆண்டு கழிந்தும் நடந்துகொண்டிருந்தது. ஆனால் இப்னு பதூதா ஏறிவந்த கலம் ஜெனோவாக்காரர்களுடையது.

இனி என் பழைய வாக்கியத்துக்கு வருகிறேன். 1453 இல் கான்ஸ்டாண்டினோபிளை வென்றவர் உதுமானியத் துருக்கியர். செல்ஜுக்கியரின் வழிவந்தவர் அல்லர். ஆயினும் அவர்கள் விட்டுச்சென்ற மண்ணில் வளர்ந்தவர். வென்ற மறு ஆண்டே, அதாவது 1454 இல், சுல்தான் முகம்மது வெனிஸ் நகரத்தாரோடு உடன்படிக்கை செய்து வாணிகத்தை அனுமதித்தார். அதில் குறித்த தீர்வை எவ்வளவு தெரியுமா? நூற்றுக்கு இரண்டு! மிளகும் நறுமணப் பொருளும் ஐரோப்பாவுக்குச் சென்ற முதன்மை வழியோ எகிப்தும் சிரியாவும். அவை 1516, 1517 ஆம் ஆண்டுகள் வரை உதுமானியர் வசம் வரவே இல்லை. போர்ச்சுகீசியரோ 1434 இலேயே ஆப்பிரிக்கக் கரையில் போஜடோர் முனையைக் கடந்துவிட்டனர். அப்படியிருக்க, துருக்கியர் வழியை அடைத்தார்கள், அதனால் கடல்வழி பிறந்தது என்று ஒரே மூச்சில் சொல்லுவது எங்ஙனம் பொருந்தும்? போர்க்காலங்களில் வாணிகம் தடைபட்டதும், பின்னாளில் தீர்வை உயர்ந்ததும் உண்மைதான். ஆயினும் எந்த அரசரும் தம் சுங்கச்சாவடியைத் தாமே பூட்டிச் சாவியைக் கடலில் எறிவதில்லை.

தவசக் கடைக்காரர் மகன் கேட்ட கேள்வி சரியான கேள்வி. அன்று அவனுக்கு மதிப்பெண் கொடுக்கத் தவறியவன் நான். அவன் இன்று எங்கிருந்தாலும் இவ்வுரையைக் கேட்பானாக. உங்களிடம் நான் வேண்டுவது இதுவே: புத்தகத்தில் ஒரு வாக்கியம் மிக எளிதாக, மிக அழகாக ஒரு காரணத்தையும் ஒரு விளைவையும் முடிச்சுப் போட்டுக் காட்டினால், அதனைத் தேர்வுக்கு எழுதுங்கள், ஆனால் “இதனால் யாருக்கு என்ன ஆதாயம்?” என்று எழுந்து கேட்கவும் தவறாதீர்கள். உங்கள் ஆசிரியர் மணியைப் பார்ப்பாராயின், மறுநாள் மீண்டும் கேளுங்கள்.